கை நடுக்கத்தை யார் அளப்பது?

உயிர்மருத்துவப் பொறியியல் என்ற பாடத்தை இருபது வருஷத்துக்கும் மேலாகக் கல்லூரியில் நடத்திக்கொண்டிருக்கிறேன். அதில் என் பங்கு சிக்னல் பிராசஸிங். உடம்பில் ஓடுகிற மின்சாரத்தை, அதிர்வை, ஓசையைக் கருவி வைத்துப் பிடித்து, கூடவே வருகிற இரைச்சலைக் கழித்து, மிச்சத்தில் என்ன நோய் இருக்கிறது என்று பார்க்கிற கணக்கு. இருதயத்திலிருந்து வந்தால் ஈ.சி.ஜி., மூளையிலிருந்து வந்தால் ஈ.ஈ.ஜி., தசையிலிருந்து வந்தால் ஈ.எம்.ஜி. "இது சயின்ஸ் சார், இதுல சாதி எங்க வருது?" என்று என்னிடம் கேட்காத சக ஆசிரியர் குறைவு. இந்த இதழைப் படிக்கிற தோழர்கள் கேட்பதோ வேறு மாதிரி: "இதுல நமக்கு என்னா இருக்கு?" இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல நான் பழனி மலைக்குப் போக வேண்டும். நான் பிறந்ததும் அந்த மலையில்தான், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்து லைன் வீட்டில்.

கொடைக்கானல் என்றால் ஏரி, படகு, குறிஞ்சிப் பூ, தேன்நிலவு. சினிமாக்காரனும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து கட்டி வைத்திருக்கிற படம் அது. அந்தப் படத்துக்குள் மூட்டை சுமக்கிறவன் வரமாட்டான், பூண்டு வயலில் மருந்தடிக்கிறவள் வரமாட்டாள். எனக்குக் கொடைக்கானல் என்றால் வேறு நினைப்பு. அது ஒரு அளக்கிற ஊர். அங்கே இரண்டு அளவைக் கூடங்கள் இருந்தன. ஒன்று இன்றைக்கும் இருக்கிறது, இன்னொன்றை மூடிவிட்டார்கள்.

முதலாவது சூரிய வானாய்வகம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையிலிருந்து 1899இல் மலைக்குக் கொண்டுவந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கிருந்து சூரியக் கரும்புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தார். உலகப் பாடப்புத்தகங்களில் அது அவர் பேரிலேயே இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கும் மேலாக, மேகம் விட்ட நாளிலெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இப்படி நீண்ட தொடர் வேறு ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கும். இன்றைக்குப் படத்தில் ஒரு மாறுதல் தெரிந்தால் 1920இல் எப்படி இருந்தது என்று எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் துறையில் இதற்குப் பேர் அடிநிலைப் பதிவு. மாறுதல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டுமானால் மாறுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த நிபுணனும் உதட்டைப் பிதுக்கிவிடுவான்.

இரண்டாவது, காய்ச்சல் அளக்கிற கண்ணாடிக் குழாய், அதாவது தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுன் என்ற ஊரில் சீஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்ததை மூடி, இயந்திரங்களைப் பெயர்த்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். 1983-84இல் இங்கே உற்பத்தி தொடங்கியது. பாதரசம் அங்கிருந்து வரும், செய்து முடித்த தெர்மாமீட்டர் அங்கேயே திரும்பப் போகும். 1987இல் அந்த நிறுவனம் உலக அளவில் யூனிலீவர் கைக்குப் போனது. 1998இல் இங்கே பாண்ட்ஸ் இந்தியா ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. காய்ச்சல் அவர்களுடையது, பாதரசம் அவர்களுடையது, லாபம் அவர்களுடையது. கையும் நுரையீரலும் மட்டும் நம்முடையது.

2001 மார்ச் மாதம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடந்ததை ஊர் ஜனம் பார்த்துவிட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊர்க்காரர்களும் தெருவில் இறங்கினார்கள். அதே மாதம் தொழிற்சாலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவை மூட்டை கட்டி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2006இல் அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வு மையத்து விஞ்ஞானிகள், கொடைக்கானல் ஏரித் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அளந்து எழுதினார்கள். தொழிற்சாலை நின்ற இடம் பாம்பார் சோலைக்கு ஒட்டினாற்போல். அந்தச் சோலைத் தண்ணீர் கீழே சமவெளிக்கு இறங்குகிறது.

ஆக சேறு அளக்கப்பட்டது, மீன் அளக்கப்பட்டது, மரத்தில் ஒட்டிய பாசியும்கூட அளக்கப்பட்டது. மனுஷன்?

இங்கேதான் என் பாடம் வருகிறது.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசமில்லை. மூச்சில் போய் ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். விரல் நடுங்கும், கண்ணிமை நடுங்கும், உதடு நடுங்கும். ஈறு வீங்கும், தூக்கம் போகும், ஞாபகம் மங்கும், சும்மா இருக்கிற ஆளுக்குக் கோபமும் கூச்சமும் மாறிமாறி வரும். இது புதுச் செய்தியல்ல. அமெரிக்காவில் டான்பரி நகரத்துத் தொப்பித் தொழிலாளிகளுக்கு வந்த நடுக்கத்துக்கு அந்த ஊர்ப்பேரையே வைத்திருந்தார்கள். தொப்பிக்கான உரோமத்தைப் பதப்படுத்தியது பாதரசத்தால். நம் நாட்டில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே, அரசுக்கு அறிவித்தாக வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் பாதரச நஞ்சைச் சேர்த்திருந்தது.

சட்டத்துக்குத் தெரியும், மருத்துவத்துக்குத் தெரியும். பொறியியலுக்கும் தெரியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எல்லார் கையும் கொஞ்சம் நடுங்கும், கண்ணுக்குத் தெரியாது. நல்ல உடம்பில் அது வினாடிக்கு 8 முதல் 12 தடவை. பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் 4 முதல் 6. விரல்மேல் ஒரு சின்ன அதிர்வுமானியைக் கட்டி, கையை நீட்டச் சொல்லி, வினாடிக்கு நூறு தடவை வாசித்து, அந்தக் கோட்டை ஃபூரியே கணக்கில் போட்டால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று பிரிந்து வந்துவிடும். விஷம் ஏறஏற அந்தப் படத்தின் உருவம் மாறும். ஆள் காபி டம்ளரைச் சிந்துவதற்கு ரொம்ப முன்னாலேயே மாறும். பாதரச வேலைக்காரர்களின் கையை இப்படி அளந்து, நடுக்கத்தை அதிர்வெண்ணாகப் பிரித்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் அமெரிக்காவில் 1970களிலேயே வந்துவிட்டன. அதாவது, அந்த இயந்திரங்கள் வத்தலகுண்டு தாண்டி மலை ஏறுவதற்கு முன்பே அளக்கும் முறை அச்சில் இருந்தது. இயந்திரம் கப்பல் ஏறி வந்தது, பாதரசம் வந்தது. இந்த அறிவு மட்டும் நம் ஜனத்தின் கைக்கு ஏன் வரவில்லை?

நிறுவனம், தொழிலாளர் உடல்நலத்தைப் பரிசோதித்தே வந்தோம், தொழிற்சாலையில் வேலை செய்ததால் யாருக்கும் கெடுதல் வந்ததற்கு ஆதாரமில்லை என்றுதான் கடைசிவரை சொன்னது. பழைய தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் போட்ட நிபுணர் குழு, இப்போதுள்ள நோய்க்கும் முன்பு பட்ட பாதரசத்துக்கும் முடிச்சுப் போடப் போதிய சான்றில்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை அதற்கு நேர்மாறாக, பாதரசத்தால் தொழிலாளர்களின் உடல்நலம் கெட்டிருக்கிறது என்றது. அதே உடம்புகள், அதே வியாதிகள், இரண்டு தீர்ப்பு. ஏன் இப்படி? நான் கணக்குப் பிள்ளை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பில் ஏறிய பாதரச ஆவி சுமார் இரண்டு மாதத்துக்கொரு முறை பாதியாகக் குறையும். இரண்டு மாதத்தில் பாதி, நாலு மாதத்தில் கால், ஒரு வருஷத்தில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. ஆலை மூடி ஐந்தாறு வருஷம் கழித்துச் சிறுநீரில் பாதரசம் தேடினால் என்ன கிடைக்கும்? விஷம் போய்விட்டிருக்கும், அது செய்த வேலை மட்டும் நரம்பில் நிற்கும். அந்த நரம்பின் சேதத்தைக் காட்ட வேலைக்குச் சேர்ந்த நாளில் கை எப்படி இருந்தது என்ற கோடு வேண்டும், வருஷா வருஷம் எடுத்த கோடு வேண்டும், அந்த ஏடு தொழிலாளி கையில் இருக்க வேண்டும். சூரியனுக்கு நூறு வருஷத்து ஏடு இருக்கிற ஊரில் தொழிலாளியிடம் பத்து வருஷத்துக் கைநடுக்கத்துக்கு ஏடு இல்லை. சான்று இல்லை என்று சொல்வது சுலபம். சான்று பிறக்கவிடாமல் செய்வது அதைவிடச் சுலபம்.

கடைசியில் என்ன நடந்தது? பதினைந்து வருஷ மனு, ஊர்வலம், டெல்லி, சென்னை. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் பாடிய ஒரு ராப் பாட்டு உலகமெல்லாம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 பழைய தொழிலாளர்களோடு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தில் கொடுத்த பணத்துக்குப் பேர் என்ன தெரியுமா? கருணைத் தொகை. மனிதாபிமான அடிப்படையில் கொடுத்தது. இழப்பீடு அல்ல, குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அல்ல. போராடிய தொழிலாளர்களை நான் இம்மியும் குறைத்துப் பேசவில்லை. வெறுங்கையோடு உலகக் கம்பெனியை மேசைக்கு இழுத்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் தோழர்களே, கருணை என்ற சொல் நமக்குத் தெரியாததா? உரிமையைக் கருணையாக மாற்றித் தருவதுதானே இந்தச் சமூகம் நமக்குச் செய்துவருகிற ஏற்பாடு? களத்தில் நெல்லை அளந்து கூலி என்று போட்டால் நீதி, கடைசியில் கூட்டிப் பெருக்கி அள்ளிக்கோ என்றால் கருணை. அளந்தால் உரிமை, அளக்காவிட்டால் கருணை. கொடைக்கானலில் இழப்பீட்டுக்கும் கருணைத் தொகைக்கும் நடுவில் நின்றது எங்கள் துறைக்காரன் எடுத்திருக்க வேண்டிய ஒரு கோடு. ஆகவே "இதுல நமக்கு என்னா இருக்கு" என்று கேட்காதீர்கள். இதில் நம் கூலி இருக்கிறது.

நான் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவனல்ல. என் உறவுக்காரர் யாரும் அதில் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த செய்தியைத்தான் என் பாடத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன்.

சரி, "சயின்ஸ்ல சாதி எங்க வருது" என்ற கேள்விக்கு வருவோம். கருவி பொய் சொல்லாது என்பார்கள். கருவி பொய் சொல்லாதுதான். ஆனால் எது சரியான உடம்பு என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான். கொரோனா காலத்தில் விரலில் மாட்டினோமே ஆக்சிமீட்டர், அதை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று, இரண்டையும் விரலுக்குள் விட்டு எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து ரத்தத்து ஆக்ஸிஜனைக் கணக்கிடும். நடுவில் இருக்கிற தோல் கருப்பாக இருந்தால் கணக்கு பிசகும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வந்த ஒரு மருத்துவ ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டி நல்லபடி இருக்கிறது என்று சொன்ன நேரத்தில், உண்மையில் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரில் நூற்றுக்கு 3.6, கருப்பரில் 11.7. கருவியில் இந்தக் கோளாறு இருக்கிறது என்பதை 1990லேயே எழுதிவிட்டார்கள். முப்பது வருஷம் யாருக்கும் உறைக்கவில்லை. தோட்டத்து வெயிலில் கருத்த நம் விரல்களில் அந்தக் கிளிப்பு எத்தனை சரியாகச் சொன்னது என்று யார் சரிபார்த்தார்கள்?

மூச்சை ஊதி நுரையீரல் கொள்ளளவு பார்க்கிற ஸ்பைரோமீட்டர் கதை இதைவிட மோசம். அடிமை வியாபாரக் காலத்து அமெரிக்காவில் கருப்பருக்கு நுரையீரல் இயல்பிலேயே சின்னது என்று எழுதிவைத்தார்கள். அந்தத் திருத்தம் கணினி வந்த பிறகும் கருவிக்குள் பொத்தானாக உட்கார்ந்திருந்தது. கருப்பன் என்று அழுத்தினால் பத்துப் பதினைந்து சதம் கழித்துக்கொள்ளும். ஆசியன் என்றாலும் கொஞ்சம் கழிக்கும். விளைவு? 1999இல் பால்டிமோர் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில், இழப்பீடு கேட்கிற கருப்பின ஊழியர்கள் வெள்ளையரைவிட அதிகமாக நுரையீரல் கெட்டிருப்பதாகக் காட்டினால்தான் தகுதி என்று ஓவென்ஸ் கார்னிங் நிறுவனம் வாதாடியது. உன் நுரையீரல் பிறவியிலேயே மட்டம், அதைக் கெடுத்ததற்கு நான் ஏன் காசு தர வேண்டும் என்பது வாதம். இனத்தைக் கணக்கில் சேர்க்காத அளவுகோலுக்கு மாறுங்கள் என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் சொன்னது 2023இல்தான். பிறப்பால் மட்டம் என்கிற சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மனுவின் ஆவி நுழைய ஓலைச்சுவடிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு மென்பொருளில் ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். எங்கள் துறை தீட்டுத் துறை. சிரிக்க வேண்டாம். ஐந்தோவன் என்ற டச்சுக்காரர் நூற்றிருபது வருஷத்துக்கு முன் முதன்முதலாக நல்ல ஈ.சி.ஜி. எடுத்தபோது நோயாளியின் கையையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளியில் முக்க வைத்தார். உடம்போடு ஈரமான தொடுதல் இருந்தால்தான் மின்சாரம் கருவிக்குள் வரும். இன்றைக்கும் வாளிக்குப் பதில் பசை, அவ்வளவுதான். தோலைத் துடைக்க வேண்டும், முடியை மழிக்க வேண்டும், வேர்வையில் கை வைக்க வேண்டும். தொடாமல் சிக்னல் வராது. இந்த நாட்டு அரசு மருத்துவமனையில் யார் தொடுகிறார்கள் என்று பாருங்கள். துடைப்பவர் ஒருவர், ஒட்டுபவர் ஒருவர், சீட்டைக் கிழிப்பவர் ஒருவர், கடைசியில் தொடாமலே கையெழுத்துப் போடுபவர் ஒருவர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்கிவைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அதே அடுக்குத்தான். சால்டரிங் அயன் பிடிக்கிறவனுக்கு மரியாதை கீழே, கரும்பலகையில் சமன்பாடு எழுதுகிறவனுக்கு மரியாதை மேலே. கை வைக்காதவன்தான் அறிவாளி.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. முதுகலை முடித்து ஆய்வுக்குச் சேரப் போன இடத்தில், பேர் வேண்டாம், நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "நீங்க நல்லா சர்க்யூட் போடுவீங்க போல. தியரி உங்க ஆளுங்களுக்கு ஒத்து வராதே" என்றார். வயர் கட்டுகிற கை அவர்களுக்கு வேண்டும், கணக்குப் போடுகிற மூளை நமக்கு இருக்கக் கூடாது. வேறொரு இடத்தில் சேர்ந்து, அதே தியரியில்தான் பட்டம் வாங்கினேன். பிறகு துப்புரவுத் தொழிலாளர்களின் கை நடுக்கத்தையும் நடையையும் பதிவு செய்ய ஒரு திட்டம் எழுதிப் பணம் கேட்டேன். "இது சமூகசேவை, ஆராய்ச்சி இல்லை" என்று திரும்பி வந்தது. அதே வருஷம் தியானம் செய்கிறவர்களின் மூளை அலையை ஆராயப் பணம் கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவன் தலையில் அலை இருக்கிறது. சாக்கடையில் இறங்குகிறவன் கையில் அலை இல்லையாம்.

ஐ.ஐ.டி.களில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு 1973இல் வந்தது. ஆசிரியர் பதவிக்கு ஒதுக்கீடு என்ற ஆணை 2008வரை காத்திருந்தது. 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிக்கென்று தனிச் சட்டமே வந்தது. மறு வருஷமே, ஐ.ஐ.டி.களை அதிலிருந்து விலக்கிவிடலாம் என்று ஒரு அரசுக் குழு பரிந்துரை செய்தது. படிக்க வா, கேள்வி போட வராதே என்று பொருள். எதை ஆராய்வது என்ற கேள்வியைப் போடுகிறவன் ஆசிரியன். அந்த நாற்காலியில் நாம் இல்லாவிட்டால் நம் உடம்பைப் பற்றிய கேள்வி பிறக்கவே பிறக்காது. சும்மா ஒரு வேலைக்காக மட்டும் நான் இடஒதுக்கீடு கேட்கவில்லை.

அதற்காக இந்தத் துறையே மேட்டுக்குடி விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் நான் தயாரில்லை. வகுப்பில் நான் நடத்துகிற புத்தகங்களில் ஒன்று ரங்கராஜ் ரங்கய்யன் எழுதியது. கர்நாடகத்தின் மாண்டியாவில் பொறியியல் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1980இல் முனைவர் பட்டம் வாங்கி, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் காலமெல்லாம் ஆராய்ந்தவர், கற்பித்தவர். 2002இல் வந்த அவர் புத்தகம் சமன்பாட்டில் தொடங்காமல் நோயாளியில் தொடங்கும். அவர் செய்த வேலைகளில் ஒன்று முழங்காலைக் கேட்பது. காலை மடக்கி நீட்டும்போது மூட்டு எழுப்புகிற அதிர்வைத் தோல்மேல் வைத்த உணரியால் பிடித்து, குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதா என்று, அறுத்துப் பார்க்காமலே சொல்லப் பார்ப்பது. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு மலைதான் ஞாபகம் வரும். காபிப் பழ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்குகிற பெண்களின் முழங்கால். ரோடு இல்லாத ஊரிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறவர்களின் முழங்கால். நாற்பது வயதில் உட்கார்ந்தால் எழ முடியாத அந்தக் கால்களைவிடத் தேய்மானத்தைப் பற்றி அதிகம் சொல்லக்கூடிய கால் உலகத்தில் எங்கே இருக்கிறது? முறை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. எந்த முழங்காலில் காதை வைப்பது என்பதை மட்டும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே பொறியியல் படிக்கிற நம் பிள்ளைகளுக்குச் சில வேலைகளைச் சொல்கிறேன். சொல்லிவிட்டுப் போகிறவனல்ல நான், கூடவே நிற்பேன்.

ஒன்று. கடைசி வருஷப் புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனுக்குள்ளேயே அதிர்வுமானி இருக்கிறது. கை நடுக்கத்தையும் நடையின் தள்ளாட்டத்தையும் அதில் பதியலாம். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில், நூற்பாலைகளில், கொடைக்கானல் பூண்டு, உருளைக்கிழங்கு வயல்களில் வேலை பார்க்கிறவர்கள் உங்கள் அத்தையும் சித்தப்பாவும்தான். பூச்சிமருந்துகளில் பல நரம்புக்கும் தசைக்கும் நடுவில் போய் உட்காரும். நூற்பாலை இரைச்சல் காதைக் கெடுக்கும்போது முதலில் 4000 அதிர்வெண் பக்கம்தான் ஓட்டை விழும்; பேச்சு கேட்கிற வரைக்கும் தொழிலாளிக்கே அது தெரியாது. போன் வைத்தியம் பார்க்காது, நோய் இன்னது என்றும் தீர்ப்பு சொல்லாது. மருத்துவரிடம் போகவும், அவர் தட்டிக் கழிக்க முடியாமல் செய்யவும் அது உதவும்.

இரண்டு. முதல் நாளே அளக்க வேண்டும். நோய் வந்த பிறகு அளப்பது நிறுவனத்துக்குச் சாதகம். ஒரு ஆள் ஆபத்தான வேலையில் சேருகிற அன்றைக்கு எடுத்த பதிவின் ஒரு பிரதி அவர் கையில், ஒரு பிரதி சங்கத்தில். தொழிற்சங்கத் தோழர்கள் கூலி, போனஸ் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்று. அலை யாருடைய உடம்பிலிருந்து வந்ததோ அவருக்கே சொந்தம். சேரியில் போய் ரத்தம் எடுத்துக் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு, எடுத்தவரிடம் முடிவைக்கூடச் சொல்லாத ஆராய்ச்சிக்காரர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். நம் பிள்ளைகளும் அதே வேலையைச் செய்தால் ஆள்தான் மாறும், அதிகாரம் மாறாது. சம்மதம் கேட்டு, தமிழில் விளக்கி, வந்த கோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கணினியில் ஏற்ற வேண்டும்.

நான்கு. மனுஷனைக் கையால் மலம் அள்ள வைக்கக் கூடாது என்று 1993இலும் 2013இலும் சட்டம் போட்டாயிற்று. செத்தால் 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று. ஐ.ஐ.டி. சென்னையில் குழிக்குள் இறங்கும் இயந்திரத்தையும் செய்துவிட்டார்கள். ஆனால் சாகாமல், வருஷக்கணக்கில் அந்த வாயுவை மூச்சில் வாங்கி மெதுவாகக் கெட்டுக்கொண்டிருக்கிற உடம்புக்கு என்ன விலை? செத்தவனை எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு நோகிறவனை அளக்க இன்னும் மனசு வரவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போக நம்மில் நூறு பேராவது இந்தப் பாடத்தில் தேற வேண்டும்.

பாதரச தெர்மாமீட்டரை 2020க்குள் உலகமே கைவிட வேண்டும் என்று 2013இல் மினமாட்டா உடன்படிக்கையில் முடிவாயிற்று. ஜப்பானில் பாதரசம் தின்ற மீனைத் தின்று நரம்பு கெட்ட மீனவக் குடும்பங்களின் ஊர்ப்பேரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் பேரில் உடன்படிக்கை எதுவும் இல்லை. பேர் வைக்காவிட்டாலும் போகிறது. இனிமேல் எந்த மலைக்கு எந்தத் தொழிற்சாலை ஏறினாலும், கேட்டுக்கு வெளியில் முதல் நாளே ஒரு மேசை போட்டு, உள்ளே போகிற ஒவ்வொருத்தரையும் "அண்ணே, கையை நீட்டுங்க", "அக்கா, கையை நீட்டுங்க" என்று சொல்ல நம் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும்.